திருகோணமலைத் துறைமுகமும் தடைகளின் செலவும்: ஒரு வரலாற்று நோக்கு

1

திருகோணமலைத் துறைமுகம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி அதன் இயற்கை ஆழத்தையும், அதனைக் கைப்பற்றப் போட்டியிட்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் படையெடுப்புகளையும் விவரிப்பதாகவே அமைந்துள்ளது. அத்தகைய எழுத்துக்களின் பயனை நாம் மறுக்கவில்லை. எனினும் துறைமுகத்தின் வரலாறு அதன் உடைமையாளரின் வரலாற்றோடு முடிந்துவிடுவதில்லை. இக்கடலினூடாக எப்பொருள் செல்லலாம், எப்பொருள் செல்லலாகாது என விதிக்கப்பட்ட காலங்களில், அவ்விதியை நிறைவேற்றும் செலவை யார் ஏற்றனர், அவ்விதியால் நேர்ந்த இழப்பை யார் சுமந்தனர் என்ற வினாக்களும் வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டியவையே.

பண்டைத் தமிழிலக்கியம் பயின்றோர் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தை அறிவர். பண்டப் பொதிகளின்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. அங்கே விதி வகுத்தவனும், காவலர்க்குக் கூலி கொடுத்தவனும், வரும் வருவாயைக் கொண்டவனும் ஒரே அரசனாவான். நமது காலத்தில் இம்மூன்றும் பிரிந்துவிட்டன. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் ஒரு தலைநகரில் எழுதப்படுகின்றது. அதனை நிறைவேற்றுவதற்கான கப்பலும் கருவியும் மற்றொரு திறைசேரியின் செலவில் வருகின்றன. வர்த்தமானியில் ஒப்பமிடுவது மட்டுமே துறைமுகத்துக்குரிய நாட்டின் பணியாக எஞ்சுகின்றது. ஆயுதப் பரவலைத் தடுத்தல் என்னும் பெயரில் இன்று நடைபெறும் சர்வதேச ஏற்பாட்டின் பொருளாதார அடித்தளத்தை இப்பிரிவிலேயே நாம் தேட வேண்டும்.

2

இலங்கைக்கும் இத்தகைய தடைக்குமான முதற் பெரும் மோதல் கொரியப் போர்க் காலத்தில் நிகழ்ந்தது. 1951 மே 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீன மக்கள் குடியரசின் ஆட்சிப் பகுதிகளுக்கும் வட கொரியாவுக்கும் ஆயுதங்கள், அணுசக்திக்குரிய மூலப்பொருள்கள், பெற்றோலியம், போர்முக்கியத்துவம் வாய்ந்த போக்குவரத்துச் சாதனங்கள், ஆயுத உற்பத்திக்குப் பயன்படும் பொருள்கள் ஆகியவற்றை அனுப்பலாகாதென விதந்துரைத்தது. ஆயுதத்தை மட்டுமன்றி ஆயுதமாகக்கூடிய பொருளையும் தடுக்கும் இன்றைய முறைமையின் தொடக்க வடிவம் இத்தீர்மானத்தில் உள்ளதெனலாம். எப்பொருள் எப்போது ஆயுதமாகும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ, அவரிடமே தடையின் உண்மையான அதிகாரமும் இருந்தது. இறப்பர் போர்முக்கியத்துவம் வாய்ந்த பொருளென ஐக்கிய அமெரிக்கா கொண்டது. பாலெடுத்து வாழ்ந்த இலங்கைத் தொழிலாளிக்கு அது அன்றாடக் கூலி.

அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய பரஸ்பர பாதுகாப்பு உதவிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதனை முன்மொழிந்தவரின் பெயரால் பற்றில் சட்டம் என வழங்கப்பட்டது. பட்டியலிடப்பட்ட பொருள்களைச் சோசலிச முகாமுக்கு விற்கும் நாட்டிற்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். கடலில் ஒரு கப்பலையும் மறிக்காமலே ஒரு நாட்டின் வணிகத்தை நெறிப்படுத்தும் வழி இவ்வாறு கண்டறியப்பட்டது. உதவி நிதியே காவற்படையாயிற்று.

அக்காலத்து இலங்கையின் நிலை நோக்கற்பாலது. கொரியப் போர் தோற்றுவித்த விலையேற்றம் தணிந்து இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. அரிசியோ கிடைத்தற்கரியதாயும் விலை மிக்கதாயும் இருந்தது. வாஷிங்டனுடன் நடந்த பேச்சுக்கள் பயன் தரவில்லை. 1952 டிசம்பர் 18ஆம் திகதி வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீகிங்கில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி வழங்கவும், இலங்கை 50,000 தொன் இறப்பர் வழங்கவும் உடன்பட்டன. இலங்கையின் இறப்பர் உற்பத்தியில் இது ஏறத்தாழ அரைவாசியாகும். உலகச் சந்தை விலையினும் கூடிய விலை இறப்பருக்குக் கிடைத்தது. இரு நாடுகளுக்குமிடையே அப்போது தூதரக உறவுகூட இருக்கவில்லை. அது 1957இலேயே ஏற்பட்டது.

ஒப்பந்தத்தைச் செய்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பொதுவுடைமை எதிர்ப்பில் எவர்க்கும் பின்னிற்காதது. ஆகவே இதனைக் கொள்கைச் சார்பின் விளைவாகக் கருத இடமில்லை. உணவுப் பண்டத்தின் தட்டுப்பாடு என்னும் பொருளியல் நிர்ப்பந்தம் ஆளும் வர்க்கத்தின் அரசியல் விருப்பத்தை மீறிச் செயற்பட்டதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். மலாயாவோடு ஒப்பிட்டால் மற்றோர் உண்மையும் புலனாகும். 1951இல் பிரித்தானியா தன் குடியேற்ற நாடாகிய மலாயாவிலிருந்து சீனாவுக்கு இறப்பர் செல்வதைத் தடுத்தபோது மலாயா மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமைகூடப் பெற்றிருக்கவில்லை. அது 1955இலேயே கிடைத்தது. எனினும் குறைபாடுடைய அரசியற் சுதந்திரமாயினும் அது மறுத்துரைக்கும் வாய்ப்பினைத் தந்தது.

மறுத்ததற்கு விலையும் இருந்தது. அமெரிக்கப் பொருளாதார உதவி 1956 வரை இலங்கைக்குக் கிட்டவில்லை. இறப்பர் மரங்களின் இலைநோயைக் கட்டுப்படுத்தத் தூவப்படும் கந்தகத்தை விற்பதற்கும் அமெரிக்கா மறுத்தது. ஒரு பொருளைத் தடுக்கப் பிறந்த பட்டியல், அப்பொருள் விளையும் மரத்தின் மருந்துவரை நீண்டது.

3

இக்காலம் முழுவதும் திருகோணமலை எவருடைய கையில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1947 நவம்பரில் செய்யப்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியக் கடற்படை அங்கேயே நிலைகொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமையகமாக அது விளங்கியது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் ஏகாதிபத்தியக் கப்பல்களுக்கு எரிபொருள் வழங்கின. மேற்குக் கரையில் கொழும்பிலிருந்து தடையை மீறி இறப்பர் ஏற்றப்பட, கிழக்குக் கரையில் அத்தடையை ஆதரித்த வல்லரசின் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. சுதந்திர இலங்கையின் முரண்பாட்டை இவ்விரு கரைகளும் வெளிப்படுத்தின.

1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் இம்முரண்பாடு உச்சநிலை எய்தியது. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதே அவ்வெழுச்சிக்கு உடனடிக் காரணம். மக்கள் வீதியில் இறங்கியபோது அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. சீனாவிடம் அரிசி வாங்கும் துணிவு பெற்ற அரசாங்கம், அரிசி கேட்ட தன் மக்களுக்கு அஞ்சிப் பிரித்தானியக் கப்பலில் அடைக்கலம் புகுந்தது. வெளியுறவில் முற்போக்கான செயல் உள்நாட்டில் முற்போக்கான வர்க்க நிலைப்பாட்டுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்க அரசாங்கத்தின் பெருஞ் சாதனையாக அது கொண்டாடப்பட்டது. அவ்வாறு கொண்டாடுவதற்கு நியாயமும் இருந்தது. ஆயினும் கணக்கேட்டின் மறுபக்கத்தையும் நாம் படித்தல் வேண்டும். கடற்படைத் தளத்தின் பட்டறைகளிலும் களஞ்சியங்களிலும் கூலி பெற்று வாழ்ந்த தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 400 தமிழ்த் தொழிலாளரைப் பதவியாவிற் குடியமர்த்தும் யோசனை எழுந்தது. அது இனவாதிகளின் எதிர்ப்புக்கு இலக்காகி, 1958ஆம் ஆண்டு வன்செயல்களுக்கு முன்னோடியான பதற்றங்களுள் ஒன்றாயிற்று. ஏகாதிபத்தியத் தளம் அகற்றப்பட வேண்டியதே. ஆனால் தளத்தை அகற்றிய அரசு, அத்தளத்தில் உழைத்தவனுக்கு மாற்றுத் தொழிலை வழங்கத் திட்டமிடவில்லை. அவ்விடைவெளியில் வர்க்கப் பிரச்சினை இனப் பிரச்சினையாக உருமாறியது.

4

தடைகள் யாவும் ஏகாதிபத்தியத்தின் கருவிகளே என்று கூறிவிடுதல் எளிது; ஆனால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டம், பாதுகாப்புச் சபையின் தீர்மானங்களை இலங்கையில் ஒழுங்குவிதிகள் மூலம் நடைமுறைப்படுத்த வழிவகுத்தது. றொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை ஆட்சிமீது பாதுகாப்புச் சபை முழுமையான கட்டாயத் தடைகளை விதித்ததும் அவ்வாண்டிலேயே. 1977இல் தென்னாபிரிக்காமீது விதிக்கப்பட்ட கட்டாய ஆயுதத் தடையும் விடுதலை இயக்கங்களின் கோரிக்கையிற் பிறந்ததாகும். ஒடுக்கப்பட்டோரின் கோரிக்கையால் எழும் தடைக்கும், வல்லரசின் நலனால் எழும் தடைக்கும் வேறுபாடு காண்பது நமது கடமையாகும்.

1971 டிசம்பர் 16ஆம் திகதி இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனம் செய்த பொதுச்சபைத் தீர்மானத்தை இவ்வகையில் நாம் மதிப்பிடல் வேண்டும். இலங்கை முன்னின்று கொணர்ந்த அத்தீர்மானம், கரையோர நாடுகள் தாமே ஆயுதப் பரவலுக்கு எல்லை வகுக்க முயன்ற அரிய சந்தர்ப்பமாகும். வல்லரசுகளின் தளங்களும் அணுவாயுதங்களும் இச்சமுத்திரத்திலிருந்து அகற்றப்பட வேண்டுமென அது கோரியது. ஆனால் அதனை நிறைவேற்றக் கப்பலோ நிதியோ எவராலும் ஒதுக்கப்படவில்லை. வல்லரசுகளின் பட்டியல்களுக்குப் பணம் உண்டு. சிறு நாடுகளின் பட்டியலுக்குத் தீர்மான இலக்கம் மட்டுமே உண்டு. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் திருகோணமலையை எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்குவதில்லையென இலங்கை உறுதியளித்தபோது, அமைதி வலயம் என்ற பொதுக் கோட்பாட்டின் இடத்தை அயல் வல்லரசின் நலன் பிடித்துக்கொண்டது.

ஆயுதம் கடல்வழி வருதல் என்பது திருகோணமலை மாவட்ட மக்களுக்கு ஏட்டளவிலான பிரச்சினையன்று. மூன்று தசாப்த காலப் போரில் அரசு தன் ஆயுதங்களைப் பல நாடுகளிடமிருந்து சட்டப்படி வாங்கியது. விடுதலைப் புலிகள் தம் ஆயுதங்களை மறைவான கப்பல் வழிகளாற் பெற்றனர். 2007இல் தொலைகடலில் அவர்களது ஆயுதக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, அந்நடவடிக்கையில் ஈடுபட்ட கப்பல்களுள் ஒன்றான 'சமுதுர', 2004இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை இலங்கைக்கு அளித்த கப்பலாகும். இரு வழியாலும் வந்த ஆயுதங்கள் ஒரே மக்கள்மீதே பிரயோகிக்கப்பட்டன. எனினும் சர்வதேச மொழியில் ஒன்று கொள்வனவு எனவும், மற்றொன்று கடத்தல் எனவும் வழங்கப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் தடை எதுவும் இருக்கவில்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர் 2007இல் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு, துறைமுக வாயிலின் பாதுகாப்புக்காக அவ்வூர் மக்கள் தம் நிலத்தை இழந்து பல ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். கடற்காவலின் செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் முழுமையாக எழுதப்படுவதில்லை என்பதற்கு அவர்களின் வாழ்வே சான்று.

5

இன்றைய அமைப்பு 2004 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1540ஆம் இலக்கத் தீர்மானத்தின்மீது எழுந்தது. அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்கள் அரசல்லாத குழுக்களின் கையை அடையாவண்ணம் எல்லா நாடுகளும் சட்டமியற்றி, எல்லைகளைக் காத்து, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வேண்டுமென அது கட்டளையிட்டது. வசதியுள்ள நாடுகள் வசதியற்றவற்றுக்கு உதவலாம் என்றும் கூறியது. கடமை எல்லோர்க்கும் கட்டாயம். உதவி கொடுப்போர் விருப்பம். இச்சிறு இலக்கண வேறுபாட்டினூடாகவே பெரும் அரசியல் நுழைந்தது.

அமெரிக்க வெளிநாட்டு உதவியில், ஆயுதப் பரவல் தடுப்பு, பயங்கரவாத எதிர்ப்பு, கண்ணிவெடி அகற்றல் ஆகியவற்றுக்கென ஒரே நிதித் தலைப்பு உண்டு. பிற நாடுகளின் சுங்க அதிகாரிகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி அளிக்கும் திட்டமும், போர் முடிந்த வயல்களிற் கண்ணிவெடி தேடும் தொழிலாளரின் கூலியும் அத்தலைப்பின் கீழேயே அடங்குகின்றன. 2025 ஜனவரியில் வாஷிங்டன் தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது உலகெங்கும் கண்ணிவெடி அகற்றும் திட்டங்கள் ஒரு வாரத்துக்குள் தடைப்பட்டன. ஒருவரது பாதுகாப்பு இன்னொருவரது வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இருப்பதன் பொருள் அப்போது வெளிப்பட்டது.

கொழும்புத் துறைமுகம் 2003இல் அமெரிக்காவின் கொள்கலன் பாதுகாப்புத் திட்டத்திற் சேர்ந்தது. கதிர்வீச்சைக் கண்டறியும் கருவிகளை நிறுவும் திட்டம் அதனைத் தொடர்ந்து வந்தது. திருகோணமலையில் கிழக்குக் கடற்படைக் கட்டளையகமும் கடற்படைக் கல்விக்கழகமும் இருப்பதால், இவ்வேற்பாட்டின் கடல்சார் பகுதி அங்கேயே வேரூன்றியது. 2021 ஜூனில் அமெரிக்க, இலங்கைக் கடற்படைகளின் கூட்டுப் பயிற்சி திருகோணமலைக் கடலில் நடைபெற்றது. 'கஜபாகு', 'விஜயபாகு' ஆகியனவும் முன்பு அமெரிக்கக் கரையோரக் காவற்படையிற் பணியாற்றிய கப்பல்களே. 'சயுர' இந்தியாவிடமிருந்தும், 'பராக்கிரமபாகு' சீனாவிடமிருந்தும் வந்தன. 2014இல் அவுஸ்திரேலியா இரு காவற்படகுகளை அளித்தது. புகலிடம் தேடிப் படகேறுவோரைத் தடுத்தலே அதன் அக்கறை. சிங்கள மன்னரின் பெயர்களை அக்கப்பல்களுட் சில தாங்கியுள்ளமை தேசியப் பெருமிதத்துக்கு உதவலாம். ஆனால் கொடுத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலையும் உடன் கொடுத்தனர். கப்பல் இலவசமாக வந்தாலும் எரிபொருளும் மாலுமியின் சம்பளமும் பழுதுபார்ப்பும் இந்நாட்டு மக்களின் வரியிலிருந்தே செல்கின்றன என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கடலில் மட்டுமன்றி வங்கியிலும் காவல் இடப்பட்டது. வட கொரியா, ஈரான் ஆகியவை தொடர்பான தடைகளுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. பாரிசைத் தலைமையகமாகக் கொண்ட நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2017இல் இலங்கையைக் குறைபாடுள்ள நாடுகளின் பட்டியலிற் சேர்த்தது. ஈரான் தொடர்பான நிதித் தடைகளுக்குரிய சட்ட ஏற்பாடும் நிறைவேற்ற வேண்டியவற்றுள் ஒன்றாயிருந்தது. 2019 ஒக்டோபரில் நாடு அப்பட்டியலிலிருந்து நீங்கியது. பற்றில் சட்டம் உதவியை நிறுத்துவதாக மிரட்டியது. இப்புதிய முறைமையோ வங்கிகளின் வெளியுலகத் தொடர்பையே பணயமாக வைக்கின்றது. முன்னையது ஓர் அரசாங்கத்தின் துணிவால் மீறப்படக் கூடியதாயிருந்தது. பின்னையதை மீறுதல் அத்துணை எளிதன்று.

பொதுத் திறைசேரியிலிருந்து தனித் திறைசேரிகளுக்கு மாறும் போக்கு உலக அளவிலும் காணப்படுகின்றது. வட கொரியத் தடைகளைக் கண்காணித்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் ஆயுட்காலம் றஷ்யாவின் தடுப்பதிகாரத்தால் 2024 ஏப்ரல் இறுதியில் முடிவுற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா முதலிய பதினொரு நாடுகள் தமக்குள் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்துக்கொண்டன. உலகப் பொதுச்சபையின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஊதியம் பெற்ற கண்காணிப்பாளரின் இடத்தை, ஒரு தரப்பின் கண்காணிப்பாளர் பெற்றனர்.

6

1952ஐயும் நமது காலத்தையும் ஒப்பிட ஏற்ற நிகழ்வு ஈரானுடனான எண்ணெய்க் கடனாகும். 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. அணுத் திட்டத்தை முன்னிட்டு அமெரிக்கா 2012இல் ஈரான்மீது தடைகளை இறுக்கியபோது, இலங்கை வாஷிங்டனிடம் விலக்கு வேண்டிப் பெற நேர்ந்தது. எண்ணெய் வழி அடைபட்டது. வாங்கிய எண்ணெய்க்குரிய பணத்தையும் அனுப்ப இயலவில்லை. 2021 டிசம்பரில், ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனை மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாற் தீர்ப்பதற்கு இரு நாடுகளும் உடன்பட்டன. தேயிலை உணவுப் பொருள். தடைசெய்யப்பட்ட வங்கிகள் இதில் ஈடுபடுவதில்லை. ஆகவே தடை மீறப்படவில்லை என அரசாங்கம் விளக்கமளித்தது.

இறப்பருக்கு அரிசி, எண்ணெய்க்குத் தேயிலை. வெளித்தோற்றத்தில் இரண்டும் பண்டமாற்றே. ஆனால் 1952இல் இலங்கை பட்டியலை எதிர்த்து வணிகம் செய்தது. 2021இல் பட்டியல் விட்டுவைத்த இடைவெளியைத் தேடி அதனூடே நுழைந்தது. ஏழு தசாப்தங்களில் ஒரு சிறு நாட்டின் இறைமை சுருங்கிய அளவை இவ்விரு ஒப்பந்தங்களால் அளவிடலாம். இரண்டிலும் மாறாதது ஒன்றுண்டு. பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெற்ற பண்டத்தை விளைவித்தவர்க்கு அம்மேசையில் இடமிருக்கவில்லை. கடன் தீர்த்த தேயிலையைக் கொய்த மலையகத் தமிழ்ப் பெண்ணின் நாட்கூலி, 2021இல் 1000 ரூபாவாக உயர்த்தப்படுவதற்கே நீண்ட போராட்டம் வேண்டியிருந்தது.

இவற்றால் ஆயுதப் பரவலைத் தடுப்பது வேண்டாததென நாம் கூறவில்லை. அணுவாயுதம் எவர் கையிலிருந்தாலும் மனிதகுலத்துக்குப் பகையே. போரின் கொடுமையை அனுபவித்த மக்கள் அதனைப் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. நமது வாதம் வேறு. தடையை நிறைவேற்றும் செலவு ஐக்கிய நாடுகளின் பொது நிதியிலிருந்து வருமாயின், அதன் இலக்குகளும் பொது விவாதத்துக்கு உட்படும். தனியொரு வல்லரசின் கொடையாக வருமாயின், அவ்வல்லரசின் பகைவர் மட்டுமே இலக்காவர். வெளிநாட்டு நிதியால் துறைமுகங்களில் நிறுவப்படும் கருவிகளும் நடத்தப்படும் பயிற்சிகளும் எந்நிபந்தனைகளோடு வருகின்றன என்பது பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். தடையால் சந்தை இழக்கும் உற்பத்தியாளர்க்கும் தொழிலாளர்க்கும் ஈடுசெய்யும் பொறுப்பு, தடை விதித்தவர்க்கு உண்டென்னும் கோட்பாடும் வலியுறுத்தப்பட வேண்டும். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 50ஆம் உறுப்புரை, தடைகளால் விசேட பொருளாதாரச் சிக்கலுக்கு உள்ளாகும் நாடுகள் பாதுகாப்புச் சபையை அணுகும் உரிமையை ஏற்கின்றது. அவ்வுரிமை ஏட்டிலிருந்து வெளிவர வேண்டும்.

2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி இந்தியாவுடனும், 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி இந்தியாவுடனும் ஐக்கிய அரபு இராச்சியத்துடனும் உடன்பாடுகள் செய்யப்பட்டன. 2025 செப்டெம்பரில் ஈரான்மீதான ஐக்கிய நாடுகள் தடைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்ததாக மேற்கு நாடுகள் அறிவித்தன. றஷ்யாவும் சீனாவும் அதனை ஏற்க மறுத்தன. அத்தாங்கிகளில் எந்நாட்டு எண்ணெய் நிரப்பப்படலாம், எந்நாட்டு எண்ணெய் நிரப்பப்படலாகாது என்ற வினா இனி அடிக்கடி எழும். அவ்வினாவுக்கு விடை கூறுவோருள் கிண்ணியாவின் மீனவரும், சம்பூரின் விவசாயியும், துறைமுகத்தின் கூலித் தொழிலாளியும் இடம்பெறுவரா என்பதைப் பொறுத்தே இத்துறைமுகத்தின் அடுத்த அத்தியாயம் அமையும்.